காயமே இல்லாத வதை

கேள்வி:

எனக்கு 34 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். தூக்கம் சரியில்லை என்று சில மாதங்களாக ஒரு மனநல ஆலோசகரைப் பார்த்துவருகிறேன். போன சந்திப்பில் அவர், “நீங்க செய்யறது ஒரு வகையில செல்ஃப் அப்யூஸ்தான்” என்றார். நேரம் முடிந்துவிட்டதால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். ‘சுய இன்பம்’ என்று ஒரு பொருள், ‘தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளுதல்’ என்று இன்னொரு பொருள். முதல் பொருளைப் படித்ததும் கூசிப்போய்விட்டேன். இரண்டாவதும் எனக்குப் பொருந்தவில்லை. என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

நான் செய்வது இதுதான்: வேலையில் தப்பு செய்துவிட்டால் அன்று மதியம் சாப்பிட மாட்டேன். ராத்திரி உட்கார்ந்து அதே வேலையை முதலிலிருந்து செய்து பார்ப்பேன், தேவையில்லாவிட்டாலும். மனசுக்குள் என்னைத் திட்டிக்கொண்டே இருப்பேன். “நாயே, உனக்கெல்லாம் எதுக்குடி சம்பளம், நீயெல்லாம் எதுக்கு இருக்க” என்கிற மாதிரி. போன வாரம் ஒரு மின்னஞ்சலில் முந்தின மாதத்துக் கணக்கை இணைத்து அனுப்பிவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்குக் கீழே வேலை செய்யும் பெண்ணும் ஒருமுறை இதே தப்பைச் செய்திருக்கிறாங்க. அவங்களிடம், “பரவாயில்லம்மா, மாத்தி அனுப்பிடுங்க” என்றுதான் சொன்னேன். எனக்கு மட்டும் அப்படிச் சொல்லிக்கொள்ள வரவில்லை. என் அப்பாவும் இப்படித்தான் கண்டிப்பானவர். இது ஒழுக்கம்தானே, வதை எப்படி ஆகும்? திட்டுவதை நிறுத்தினால் சோம்பேறி ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இந்த வார்த்தையை வீட்டில் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அகராதிக்குப் போவதற்கு முன் ஒரு கேள்வி. “நீயெல்லாம் எதுக்கு இருக்க” என்று எழுதியிருக்கிறீர்கள். அது கோபத்தில் வாயில் வருகிற வசவு மட்டும்தானா, அல்லது செத்துப்போய்விடலாம் என்ற எண்ணமும் உள்ளே ஓடுகிறதா? இப்படி நேராகக் கேட்பது சிலருக்குத் திடுக்கென்று இருக்கும். ஆனால் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இதைப் பற்றி நடந்த ஆய்வுகள் அப்படித்தான் சொல்கின்றன. என்னிடம் வருகிறவர்களில், ‘இதை யாராவது கேட்க மாட்டார்களா’ என்று காத்திருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பதில் ‘ஆமாம்’ என்றால், அல்லது ‘சில ராத்திரிகளில் மட்டும் ஆமாம்’ என்றால், இந்தப் பதிலின் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இன்றைக்கே உங்கள் ஆலோசகரைக் கூப்பிட்டு அதைச் சொல்லுங்கள். அவர் கிடைக்காவிட்டால் உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த நேரத்தில் தனியாக இருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரைக் கூட இருக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆபத்தாகக்கூடிய பொருள் வீட்டில் இருந்தால் அதை அவரே அப்புறப்படுத்தட்டும். பதில் ‘இல்லை’ என்றால் சரி, மேலே போவோம். என்றைக்காவது அது மாறினால் இந்தப் பத்தியில் உள்ளதை அப்படியே செய்யுங்கள்.

இனி அந்த வார்த்தைக்கு வருவோம். நீங்கள் அகராதியில் பார்த்த இரண்டு பொருளுமே புழங்கியவைதான், ஆனால் வெவ்வேறு காலத்தில். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் சுய இன்பத்தைப் பெரிய நோயாகவும், இன்னும் பல நோய்களுக்கு வேராகவும் நினைத்தார்கள். லோசான் நகரத்து மருத்துவர் திஸ்ஸோ 1760-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட ஒரு நூல் அந்தப் பயத்தை ஐரோப்பா முழுக்கப் பரப்பியது. உடல் மெலியும், பார்வை மங்கும், நினைவு தடுமாறும் என்றெல்லாம் நம்பினார்கள். அந்தக் காலத்து ஆங்கிலத்தில், நேராகச் சொல்லக் கூசி, அதற்கு வைத்துக்கொண்ட பெயர்தான் செல்ஃப் அப்யூஸ். பெயரிலேயே தீர்ப்பும் ஒட்டிக்கொண்டது: இது உடம்பை நீயே கெடுத்துக்கொள்வது, எனவே குற்றம்.

மருத்துவம் அந்த நம்பிக்கையை எப்போதோ கைவிட்டுவிட்டது. சுய இன்பம் நோயும் இல்லை, வதையும் இல்லை. அகராதிகள் மட்டும் பழைய பொருளை விடாமல் வைத்திருக்கின்றன. பழைய நூல்களைப் படிக்கிறவர்களுக்கு அது தேவை என்பதால் அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. தூக்கத்தையும் வேலையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஓர் ஆலோசகர் அந்தப் பொருளில் சொல்லியிருக்க வழியே இல்லை. அப்படியே ஒருவர் அந்தப் பொருளில் பேசினாலும் நீங்கள் கூசுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

இரண்டாவது பொருள்தான் உங்களுக்கானது. ‘உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவத்தின் கறாரான வரையறைப்படி பார்த்தால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செல்ஃப் அப்யூஸ் என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலும் சரி, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும் சரி, அந்தப் பெயரில் ஒரு நோய் கிடையாது. அமெரிக்கக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், ‘சாகும் நோக்கமின்றித் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல்’ என்று ஒன்றை மேலும் ஆராய வேண்டியவற்றின் வரிசையில் வைத்தார்கள். அதற்கு உடம்பில் காயம் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் மருத்துவச் சிகிச்சைக்கு வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நோக்கம் எதுவாக இருந்தாலும், தனக்குத் தானே வேண்டுமென்றே காயம் ஏற்படுத்திக்கொள்வதையும் நஞ்சு எடுத்துக்கொள்வதையும் சுய தீங்கு என்கிறது. நீங்கள் தொடாமல் விட்ட மதியச் சாப்பாடு இந்த இரண்டு வரையறையிலும் அடங்காது.

அப்படியானால் உங்கள் ஆலோசகர் தப்பாகச் சொல்லிவிட்டாரா? இல்லை என்றே நினைக்கிறேன். அவர் உங்களுக்கு நோய் எதையும் சூட்டவில்லை. நீங்கள் உங்களை நடத்துகிற விதத்தைத்தான் பெயரிட்டுச் சொல்லியிருக்கிறார். இந்த அகலமான பொருளும் நேற்று முளைத்ததல்ல. 1938-இல் அமெரிக்க மனநல மருத்துவர் கார்ல் மெனிஞ்சர், மனிதன் தன்னையே எதிரியாக்கிக்கொள்ளும் வழிகளை எழுதியபோது, உடனே தெரிகிற காயத்தோடு நிறுத்தவில்லை. வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தன்னை அழித்துக்கொள்ளும் குடிப்பழக்கத்தையும், உடலை ஓயாமல் வாட்டுவதையும்கூட அதே வரிசையில் வைத்துப் பேசினார். அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்று நாங்கள் ஏற்பதில்லை. ஆனால் தன்னைத் துன்புறுத்துவதற்கு ஆயுதம் தேவையில்லை என்று அவர் கண்டது இன்றும் நிற்கிறது.

தமிழில் இந்தக் குழப்பம் இன்னும் குறைவு. சுயவதை, தன்வதை என்றெல்லாம் எழுதுகிறோம். வதை என்றால் நமக்கு ரத்தம் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. ‘வெயில் வதைக்கிறது’ என்கிறோம். ‘கேள்வி கேட்டே உயிரை வதைக்கிறான்’ என்கிறோம். விடாமல், இளைப்பாற விடாமல் துன்பப்படுத்துவது வதை. உங்கள் ராத்திரிகளை நீங்கள் எழுதியிருக்கும் விதத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது. உடம்பில் காயம் ஏற்படுத்திக்கொள்வதைத் தனியாகக் குறிக்க வேண்டுமானால் சுய தீங்கு, தற்காயம் போன்ற சொற்கள் இருக்கின்றன. மருத்துவக் கோப்பில் எழுதுகிறவர்கள் அந்தத் துல்லியத்தைக் கைவிடக் கூடாது. ஏனென்றால் தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறவருக்குப் பிற்காலத்தில் தற்கொலை ஆபத்தும் கூடுகிறது. அவருக்கு வேண்டிய கவனிப்பு வேறு. ‘நானும்தான் என்னை வதைச்சுக்கறேன்’ என்று எல்லோரும் ஒரே வார்த்தையைப் புழங்கினால் அவருடைய அவசரம் கூட்டத்தில் தொலைந்துபோகும்.

சரி, ஒழுக்கத்துக்கும் வதைக்கும் நடுவில் கோடு எங்கே? உங்கள் மின்னஞ்சலையே எடுத்துக்கொள்வோம். இணைப்பு மாறிப்போனது தெரிகிறது. சரியான கோப்பைத் தேடி, ‘முந்தைய இணைப்பைத் தவிர்க்கவும்’ என்று ஒரு வரி சேர்த்து, மறுபடி அனுப்புகிறீர்கள். கோப்புகளின் பெயரில் மாதத்தைச் சேர்த்து வைத்தால் இனி மாறாது என்று தோன்றுகிறது, பெயரை மாற்றி வைக்கிறீர்கள். ஒழுக்கம் செய்ய வேண்டியது அவ்வளவுதான். தப்பு சரியாகிவிட்டது, மறுபடி நடக்காதபடி ஒரு ஏற்பாடும் ஆகிவிட்டது. இத்தனையும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். எல்லோரும் சாப்பிடப் போகிறார்கள், நீங்கள் டப்பாவைத் திறக்கவில்லை. பட்டினி கிடந்ததால் அந்தக் கணக்கில் ஒரு எண்கூடத் திருந்தவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, ஏற்கெனவே சரியாக இருந்த தாளை முதல் வரியிலிருந்து மறுபடி சரிபார்க்கிறீர்கள். அதனால் யாருக்கும் பயன் இல்லை. அந்த மாதத்துக் கணக்கை எதிர்பார்த்திருந்தவருக்கு அது காலையிலேயே கிடைத்துவிட்டது. இந்தப் பிற்பகுதி தப்பைத் திருத்துவதற்காக நடக்கவில்லை, தப்பு செய்தவளைத் தண்டிப்பதற்காக நடக்கிறது. திருத்தத்துக்கு ஒரு முடிவு உண்டு, வேலை முடிந்ததும் அது நின்றுவிடும். தண்டனைக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. நீங்கள் களைத்துப் படுக்கும்வரை ஓடும், சில நாள் படுத்த பிறகும் ஓடும்.

இன்னொன்றும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உங்களுக்குக் கீழே வேலை செய்யும் பெண்ணை ‘அவங்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு செய்த அவருக்கு நீங்கள் சொன்னது ‘பரவாயில்லம்மா’. அதே தப்பைச் செய்த உங்களுக்குக் கிடைத்தது ‘நாயே’யும் ‘டி’யும். ‘டி’ போட்டு அன்பாகவும் கூப்பிடலாம், எனக்குத் தெரியும். நீங்கள் கூப்பிட்டது அந்தக் குரலில் இல்லை. இதே வார்த்தைகளை ஒரு மேலதிகாரி அந்தப் பெண்ணிடம் தினமும் சொன்னால், சாப்பிடாதே என்று உட்கார வைத்தால், ராத்திரியெல்லாம் தேவையில்லாத வேலையைக் கொடுத்தால், நீங்கள் அதைக் கண்டிப்பு என்று ஒத்துக்கொள்வீர்களா? கொடுமை என்று சொல்லி, புகார் கொடுக்கக் கூடவே போவீர்கள். செய்கிறவரும் படுகிறவரும் ஒரே ஆளாக இருப்பதால் மட்டும் அதன் பெயர் மாறிவிடாது.

நோன்பு இருப்பவரும் பட்டினிதான் கிடக்கிறார், பந்தயத்துக்குத் தயாராகிறவரும் உடம்பை வருத்துகிறார், அவர்களெல்லாம் வதைத்துக்கொள்கிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் விரும்பிய ஒன்றை நோக்கிப் போகிறார்கள், எப்போது முடிப்பது என்றும் அவர்களுக்குத் தெரியும். உடம்பு தாங்காவிட்டால் நிறுத்திவிடலாம், அதற்காகத் தன்னை வெறுக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். எதற்காகச் செய்கிறோம், செய்யும்போது மனசுக்குள் என்ன பேச்சு ஓடுகிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. ஆகவே வெளியாள் ஒருவர் பார்த்தவுடனே ‘இது சுயவதை’ என்று முத்திரை குத்த முடியாது. உள்ளே ஓடும் பேச்சை நீங்கள் சொன்னதால்தான் உங்கள் ஆலோசகரால் சொல்ல முடிந்தது.

ஏன் இது விடாமல் தொடர்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தெரியாத வரைக்கும் ‘எனக்கு மனத்திடம் இல்லை’ என்று அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்வீர்கள். தப்பு தெரிந்த நொடியில் வயிற்றைப் பிசைகிற ஒரு பதற்றம் வருகிறது. யாராவது கேட்பார்களோ, என்ன நினைப்பார்களோ என்று ஒரு காத்திருப்பு. யாரும் கேட்காதபோது அது இன்னும் மோசம், தீர்ப்பு வராத வழக்கு மாதிரி இழுத்துக்கொண்டே போகும். அப்போது நீங்களே தீர்ப்பு எழுதி, தண்டனையும் கொடுத்துவிடுகிறீர்கள். சாப்பாட்டை ஒதுக்கியதும் ஒரு சின்ன நிம்மதி வருகிறது, ‘கணக்கு தீர்ந்தது’ என்பதுபோல. வந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். அந்த நிம்மதிதான் உங்களை மறுபடி மறுபடி அங்கேயே இழுத்துவருகிறது. ஒரு செயலுக்குப் பின்னால் கெட்ட உணர்வு தணிந்தால், மனம் அந்தச் செயலைப் பழகிக்கொள்ளும். அமெரிக்க ஆய்வாளர்கள் நாக், பிரின்ஸ்டீன் இருவரும் 2004-இல், உடம்பில் காயம் ஏற்படுத்திக்கொள்ளும் இளம் வயதினர் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று ஆராய்ந்தபோது முதலில் வந்து நின்ற காரணங்களில் இதுவும் ஒன்று: தாங்க முடியாத உணர்வை அது சற்று நேரம் அடக்கிவைக்கிறது. நீங்கள் செய்வது அது இல்லை என்றாலும் உள்ளே ஓடும் சக்கரம் இதே வகைதான்.

அந்த நிம்மதிக்கு நீங்கள் கொடுக்கும் விலை பெரிது. பசியோடும் தூக்கமில்லாமலும் மறுநாள் கணக்குத் தாளைத் திறக்கும்போது கவனம் சிதறுகிறது. கவனம் சிதறினால் தப்பு வருகிறது. தப்பு வந்தால் மறுபடி தண்டனை. தூக்கம் சரியில்லை என்றுதானே ஆலோசகரிடம் போனீர்கள்? அவர் தூக்கத்தை விட்டுவிட்டு வேறு எதையோ பேசியதாக உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அவர் தூக்கத்தைக் கெடுப்பது எது என்பதைத்தான் தொட்டிருக்கிறார்.

அப்பாவைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று அந்த ஒரு வரியை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி கேட்கும் வசவு யாருடைய வாயில் முதலில் கேட்டது என்று ஆலோசகரோடு உட்கார்ந்து பாருங்கள். பெரியவர் ஒருவரின் கோபம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பயந்து வளர்ந்த குழந்தை, அவர் திட்டுவதற்கு முன்பே தன்னைத் திட்டிக்கொண்டால் அடி குறையும் என்று கற்றுக்கொள்கிறது. அந்த வயதில் அது உண்மையிலேயே உதவியிருக்கும். 34 வயதில், திட்ட ஆளே இல்லாத அலுவலகத்திலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி இல்லை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போதும் உங்களோடு இருக்கும் ஒருவர், துணைவரோ பெற்றோரோ மேலதிகாரியோ, உங்களை இப்படித் திட்டுகிறார், சாப்பிட விடாமல் செய்கிறார் என்றால், அதற்குச் சுயவதை என்று பெயரில்லை. அது அவர் செய்யும் வதை. அந்த ஆளே ‘நீயே உன்னைக் கெடுத்துக்கற’ என்று இந்த வார்த்தையைத் திருப்பி உங்கள் மேல் போடுவதும் நடக்கும். அந்த நேரத்தில் மனப் பயிற்சியைவிட முதலில் வேண்டியது பாதுகாப்பு.

உங்களுடைய பெரிய பயத்துக்கு வருகிறேன்: திட்டுவதை நிறுத்தினால் சோம்பேறி ஆகிவிடுவேனோ. இந்தப் பயம் இல்லாமல் இந்தப் பழக்கத்தோடு என்னிடம் வந்தவர் யாருமே இல்லை என்று சொல்லலாம். இங்கிலாந்து உளவியலாளர் பால் கில்பர்ட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் 2004-இல் தன்னைத்தானே குறை சொல்லிக்கொள்வதை ஆராய்ந்தபோது அதில் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும் என்பதற்காகத் தன்னைத் திருத்துவது. மற்றொன்று, தன்னை வெறுத்துத் தாக்குவது. ‘அடுத்த தடவை இணைப்பைத் திறந்து பார்த்துட்டு அனுப்பு’ என்பது முதல் வகை. ‘நாயே’ இரண்டாவது. முதல் வாக்கியத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இரண்டாவதில் நீங்கள் செய்யக்கூடியது எதுவுமே இல்லை, ஒடுங்கிப் போவதைத் தவிர.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரைன்ஸ், சென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012-இல் இந்தப் பயத்தையே சோதித்துப் பார்த்தார்கள். கடினமான தேர்வு ஒன்றில் சறுக்கியவர்களில் சிலரிடம், தங்கள் மேல் கடுமை காட்டாமல் பரிவோடு அதைப் பார்க்கும்படி சொன்னார்கள். அப்புறம் அடுத்த தேர்வுக்குப் படிக்கச் சொன்னபோது, பரிவோடு பார்த்தவர்கள்தான் மற்றவர்களைவிட அதிக நேரம் உட்கார்ந்து படித்தார்கள். காரணம் புரியக்கூடியதுதான். செய்த தப்பைப் பார்ப்பதே பயங்கரமாக இருந்தால் மனம் அதன் பக்கமே போகாது. பார்க்கப் பயமில்லை என்றால்தான் கிட்டே போய்ப் பார்த்துச் சரிசெய்ய முடியும். நீங்கள் இதுவரை நல்ல வேலைக்காரியாக இருப்பது வசவினால் இல்லை. வசவை மீறியும் நீங்கள் நல்ல வேலைக்காரிதான்.

செய்ய வேண்டியதில் முதலாவது சாப்பாடு. தப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சாப்பாடும் தூக்கமும் அபராதக் கணக்கில் வரக் கூடாது என்று இன்றைக்கே ஒரு விதி வையுங்கள். மனம் ஒப்புக்கொள்ளக் காத்திருக்க வேண்டாம், ‘எனக்குத் தகுதியில்லை’ என்று அது சொல்லும், சொல்லட்டும். நாலு வாய் என்றாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், முடிந்தால் இன்னொருவரோடு உட்கார்ந்து. கூட ஆள் இருக்கும்போது டப்பாவை மூடி வைப்பது கடினம். முதல் சில நாட்கள் பதற்றம் கூடும். வழக்கமான தண்டனை கிடைக்காததால் வரும் பதற்றம் அது. ஏதோ தப்பாகப் போகிறது என்று நினைத்துப் பின்வாங்க வேண்டாம்.

இரண்டாவதாக, வசவு வரும்போது அதை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். அழகுபடுத்தாமல், ‘நாயே’யோடு. மனசுக்குள் ஓடும்போது உண்மை மாதிரி கேட்கும் வாக்கியம், தாளில் பார்க்கும்போது எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது என்று தெரியும். அதற்குக் கீழே அந்தப் பெண்ணுக்குச் சொன்னதையே எழுதுங்கள்: பரவாயில்லை, மாற்றி அனுப்பிவிடு. ‘நான் மிகச் சிறந்தவள், நான் அற்புதமானவள்’ என்றெல்லாம் எழுதச் சொல்லும் ஆலோசனைகள் உண்டு. உங்களைப்போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. மனம் உடனே ‘பொய்’ என்று திருப்பி அடிக்கும். ‘பரவாயில்லை’ அப்படியில்லை. அதை நீங்கள் ஏற்கெனவே ஒருவருக்கு மனசாரச் சொல்லியிருக்கிறீர்கள், அதனால் அது பொய்யென்று உங்கள் மனத்தாலேயே சொல்ல முடியாது. அதைச் சொல்லிக்கொள்வது முதலில் வேற்று மொழி பேசுவதுபோல வாய்க்கு வராது. வரும்வரை எழுதினால் போதும்.

ராத்திரி கணினியைத் திறக்கத் தோன்றினால், ‘இதைத் திறப்பதால் யாருக்கு என்ன கிடைக்கும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுத் திறவுங்கள். பதில் எழுத முடியவில்லையென்றால் அது வேலை இல்லை.

வீட்டில் சொல்வது பற்றிக் கேட்டீர்கள். இந்த வார்த்தையைச் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. ‘எனக்குச் சுயவதைப் பழக்கம் இருக்கு’ என்று தொடங்கினால் கேட்கிறவர் பதறி, உங்கள் கைகளைப் பார்ப்பார், அல்லது நீங்கள் பயந்த அந்தப் பழைய பொருளில் புரிந்துகொண்டு பேச்சை மாற்றுவார். செய்வதைச் சொல்லுங்கள்: “தப்பு பண்ணிட்டா நான் சாப்பிடறதில்ல, ராத்திரி பூரா என்னையே திட்டிக்கறேன், நிறுத்த முடியல.” இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் அகராதி வேண்டாம். என்ன உதவி வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘எதுக்கு இப்படியெல்லாம் நினைக்கற, விடு’ என்று அறிவுரை வரும். “மதியம் ஒரு போன் பண்ணி சாப்பிட்டியான்னு கேளு” என்பது அவர்களால் செய்யக்கூடியது.

பிறரைப் பற்றிப் பேசும்போதும் இதே கவனம் வேண்டும். மருத்துவர்களே இதில் நெடுந்தூரம் வர வேண்டியிருந்தது. 1969-இல் எடின்பரோவைச் சேர்ந்த மனநல மருத்துவர் நார்மன் கிரைட்மன், ‘தற்கொலை முயற்சி’ என்ற சொல் எல்லோருக்கும் பொருந்தவில்லை என்று வேறு சொல்லை முன்வைத்தார். அப்புறம் ‘வேண்டுமென்றே செய்துகொள்ளும் சுய தீங்கு’ என்று எழுதினார்கள். அந்த ‘வேண்டுமென்றே’ தங்களைக் குற்றவாளிபோல் காட்டுகிறது என்று நோயாளிகள் சொன்னதால் பிரிட்டனில் அதையும் எடுத்துவிட்டார்கள். எடுத்தது நல்லதுதான். சிகிச்சைக்கு வந்தவரைக் கூண்டில் ஏற்றும் சொல் சிகிச்சைக்கு உதவாது. அதனால் ‘அவ ஒரு சுயவதைக்காரி’ என்று ஆளுக்குப் பட்டமாக இதை ஒட்டாதீர்கள். உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளாதீர்கள். நாளை ராத்திரி ‘நாயே’க்குப் பதிலாக ‘உன்னை நீயே வதைச்சுக்கற பைத்தியம்’ என்று திட்டத் தொடங்கினால், வசவுக்குப் புது வார்த்தை கிடைத்ததுதான் மிச்சமாகும்.

ஆலோசகரிடம் அடுத்த முறை போனதும் உட்கார்ந்த உடனே இதைக் கேளுங்கள்: “போன தடவை அந்த வார்த்தையை நீங்க என்ன அர்த்தத்துல சொன்னீங்க?” அகராதியைப் பார்த்துக் கூசிப்போனதையும் சொல்லுங்கள். நேரம் முடிகிற சமயத்தில் ஒரு கனமான சொல்லைப் போட்டுவிட்டு அனுப்புவது எங்கள் தொழிலில் நடக்கிறது, நடக்கக் கூடாது. நல்ல ஆலோசகர் அதைக் கேட்டால் வருத்தப்பட மாட்டார், உங்களுக்கு நன்றிதான் சொல்வார். தப்பு அவர்மேல் இருக்கிறது என்று நீங்கள் எடுத்துச் சொல்வதும், அவர் அதை ஒத்துக்கொண்டு அப்படியே சாதாரணமாக உட்கார்ந்திருப்பதும் உங்களுக்கு நல்ல பாடமாகவும் இருக்கும்.

கடைசியாக உடம்பு. சாப்பாட்டை விடுவதில் எடை குறைய வேண்டும் என்ற எண்ணமோ, சாப்பிட்ட பிறகு குற்ற உணர்வோ கொஞ்சமாவது கலந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உணவுக் கோளாறுகளுக்குச் சிகிச்சை வேறு, தாமதிக்கவும் கூடாது. காலையில் எழும்போதே மனம் கனத்துக் கிடக்கிறது, முன்பு பிடித்த எதுவும் பிடிக்கவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். மனச்சோர்வு இருந்தால் இந்த வசவின் குரல் தானாகவே பல மடங்கு உயரும், அதைக் குணப்படுத்தினால் குரலும் இறங்கும். தூக்கம் கெட்டு, சாப்பாடும் ஒழுங்கில்லாமல் மாதக்கணக்கில் ஓடியிருப்பதால் பொது மருத்துவர் ஒருவரைப் பார்த்து ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்த இரண்டும் களைப்பையும் கவனக் குறைவையும் கொண்டுவரும், அதை நீங்கள் உங்கள் குணக்கேடு என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அலுவலகத்தில் விடுப்பு கேட்க வேண்டியிருந்தால் கேளுங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்யும் அந்தப் பெண் கேட்டிருந்தால் நீங்கள் உடனே கொடுத்திருப்பீர்கள்.